அடிபம்படியில் நின்ற ஓட்டம்

உப்போடைக்கு இன்றைக்குப் போனாலும் பார்க்கலாம், ஐஸ் கம்பெனி வாசலில் நிற்கிற அடிபம்பின் தலையில் ஒரு தட்டுத் தட்டாமல் அந்த ஊரில் யாரும் கடந்துபோவதில்லை. மீன்கூடை சுமக்கிற பெண்கள் ஒரு கையால் கூடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தட்டுவார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எம்பித் தட்டுவார்கள், மாற்றலாகி வந்த போலீஸ்காரர்கூட முதல் வாரம் சிரித்துவிட்டு அடுத்த வாரம் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துத் தட்டிவிட்டுப் போவார். ஏன் தட்டுகிறீர்கள் என்று கேட்டால் நேராகப் பதில் வராது. உட்காரச் சொல்லி, டீ வாங்கிக் கையில் கொடுத்து, லீமாரோஸின் ஓட்டம் அவளை விட்டுவிட்டுத் தனியாக ஓடிய கதையை ஆரம்பித்துவிடுவார்கள். அவர்கள் தங்களைப் பீற்றிக்கொள்கிற இடங்களைக் கொஞ்சம் குறைத்துவிட்டால் அந்தக் கதை இப்படித்தான் போகும்.

லீமாரோஸ் ஐஸ் கம்பெனியில் லோடு பார்க்கிறவள். எந்தப் படகுக்கு எந்த ஐஸ் பாளம் என்று பார்த்து ஏற்றிவிடுவது அவள் வேலை, ஏற்றியதை வேனில் கொண்டுபோய்க் கடற்கரையில் இறக்குவது அவள் புருஷன் கிளாட்வினின் வேலை. ஆனால் ஊருக்கு அவள் ஓட்டக்காரி. கோழி கூவுவதற்கு முன்னால் அடிபம்பின் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அவள் கிளம்பினால், கோயில் தெரு, கடைத்தெரு, மீன் ஏலக்கூடம் எல்லாம் தாண்டி, இரண்டு பக்கமும் உப்பளம் வெள்ளையாக விரிந்துகிடக்கிற நீண்ட ரோட்டில் ஏறி, கலங்கரை விளக்கத்தின் சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருவதற்குள் ஊர் எழுந்து பல் துலக்கிவிட்டிருக்கும். எந்த ஊரில் மாரத்தான் நடந்தாலும் போய் ஒரு கோப்பை வாங்கிவந்துவிடுவாள். பெரிய கோப்பையில் வெங்காயமும் சின்னக் கோப்பைகளில் பூண்டும் போட்டு வைத்திருந்தாள். அவளிடம் ஒரு நல்ல குணம் இருந்தது, அதுவே அவளுடைய கெட்ட குணமும்தான், அவளுக்கு நிற்கத் தெரியாது. காய்ச்சலிலும் ஓடுவாள், மழையிலும் ஓடுவாள், கல்யாணத்தன்று காலையிலும் ஓடிவிட்டு வந்துதான் தலைக்குக் குளித்தாள்.

அவளோடு பழகி ஓடக் கற்றுக்கொண்டவர்கள் நாலைந்து பேர் உண்டு. அவர்களுக்குள் ஒரு வழக்கம். ஓடி முடித்து அடிபம்படிக்கு முதலில் வந்து சேருகிறவர் பின்னால் வருகிறவருக்குத் தண்ணீர் அடித்துக் கொடுக்க வேண்டும், தானே அடித்துத் தானே குடிக்கக் கூடாது. எப்போதும் முதலில் வருகிறவள் லீமாதான். அதனால் எப்போதும் அடித்துக் கொடுக்கிறவளும் அவள்தான், அடுத்து வருகிறவர் மூச்சு வாங்கி முடித்து, அவளுக்கு அடித்துக் கொடுக்கும் வரை தாகத்தோடு நிற்கிறவளும் அவள்தான். தனியாக ஓடுகிற நாட்களில் வழியோடு போகிற யாராவது வந்து அடிக்கும் வரை நிற்பாள். கிளாட்வின் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வான்.

உப்பு சீசன் தொடங்குகிற மாதத்தில் அந்தக் கரையோரம் ஒரு மாரத்தான் நடக்கும். பக்கத்துத் துறைமுகத்தில் தொடங்கி, உப்பள ரோடு முழுவதும் ஓடி, உப்போடை அடிபம்படியில் முடிகிற ஓட்டம். அதற்குப் பல வாரங்களுக்கு முன்பே லீமாவின் இடது முழங்காலுக்குக் கீழே எலும்பில் ஒரு வலி வந்து உட்கார்ந்திருந்தது. ஓடுகிறவர்கள் வலிக்கு வலி என்று பெயர் வைக்க மாட்டார்கள், பிடிப்பு என்பார்கள், இறுக்கம் என்பார்கள், ஷூ சரியில்லை என்பார்கள். லீமா எல்லாம் சொல்லிப் பார்த்தாள், புருஷன் கேட்டதற்குக் கொசு கடித்த இடத்தில் தைலம் தேய்க்கிறேன் என்றுகூடச் சொன்னாள். மாரத்தான் அன்று, உப்பள ரோட்டுக் கடைசி வளைவில், அவள் எல்லாருக்கும் முன்னால் ஓடிக்கொண்டிருந்தபோது அந்த எலும்பு விட்டுவிட்டது. பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர்களுக்குச் சத்தம் கேட்டதாம். விழுந்தவள் எழுந்து இன்னும் கொஞ்ச தூரம் ஓடப் பார்த்தாள் என்பதையும் அவர்கள்தான் சொல்வார்கள், அதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

அந்த நேரத்தில் அந்த ரோட்டில் நின்ற ஒரே வண்டி கிளாட்வினின் ஐஸ் வேன்தான். பாளங்களுக்கு நடுவில் சாக்கை விரித்து அவளைப் படுக்க வைத்து அவன் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். அவ்வளவு ஐஸுக்கு நடுவில் கிடந்ததால்தான் வீக்கம் ஏறவில்லை என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறான். கட்டுப் போட்டு, பெரிய பிளாஸ்டிக் பூட்ஸ் ஒன்றை மாட்டி, இனி உடற்பயிற்சி வைத்தியம் பார்க்கிற தாஹிரா சொல்கிறபடிதான் கேட்க வேண்டும் என்று அனுப்பினார்கள். தாஹிரா லீமாவைவிடச் சின்னவள், காயல்பட்டினத்துப் பெண், சிரிக்காமல் கேலி பேசுகிறவள்.

"எலும்பு தானா ஒட்டிக்கும்க்கா. நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம்," என்றாள் தாஹிரா. "அதான் உங்களுக்குக் கஷ்டமா இருக்கப் போவுது."

முதல் வாரம் லீமா சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். அடுத்த வாரம் ஒரு விடியற்காலையில், விழித்துக் கிடந்த அவள் காதில் அவள் வீட்டு இரும்புக் கேட் கிறீச்சிட்டது, அவள் நடை அவள் வாசலைக் கடந்தது, ஐஸ் கம்பெனிப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் தயங்கி நின்றது, பிறகு தப் தப் தப் என்று அவளுடைய வேகத்தில், இரண்டடிக்கு மூச்சை உள்ளே இழுத்து இரண்டடிக்கு வெளியே விடுகிற அவளுடைய வழக்கத்தில், கோயில் தெருவைப் பார்த்து ஓடிப் போனது. அவளுடைய ஷூ கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. அவள் கிளாட்வினை உலுக்கி எழுப்பினாள். அவன் காதைக் கொடுத்துக் கேட்டான்.

"நீதான் போற," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஊரும் ஏறக்குறைய அப்படித்தான் எடுத்துக்கொண்டது. முதல் நாள் கடைத்தெரு நாய்கள் மட்டும் குழம்பிப்போய்க் கொஞ்சம் குரைத்தன, வாசனை பிடித்ததும் வாலை ஆட்டிக்கொண்டு வழக்கம்போல ஏலக்கூடம் வரைக்கும் கூடவே ஓடிவிட்டுத் திரும்பின. டீக்கடை சுடலைமுத்து, லீமா வந்தால் எடுத்துக்கொள்கிற இடத்தில் ஒரு வாழைப்பழத்தை வைத்தார், அதை யாரும் எடுக்காததால் மறுநாள் இரண்டு வைத்தார். ஏலக்கூடத்துப் பெண்கள் கூடையை இழுத்து ஓரம் போட்டு, லீமா ஓட்டம் வருது, வழி விடுங்க என்றார்கள், ஆட்டோக்காரர்கள் பின்னால் வந்து ஹாரன் அடிப்பதை விட்டு இடது பக்கம் ஒதுங்கிப் போனார்கள், சப்பரம் வந்த அன்று பங்குத்தந்தை ஒலிபெருக்கியில் ஓட்டத்துக்கு ஓரமாக இடம் விட்டு நடக்கும்படி ஜனங்களைக் கேட்டுக்கொண்டார், உப்பளத்துக்காரர்கள் தும்பை நிறத்தில் படிந்திருந்த ரோட்டோர உப்பில் பதிகிற காலடிகளைப் பார்த்து அன்றைக்கு வேலைக்குப் பிந்திவிட்டோமா முந்திவிட்டோமா என்று தெரிந்துகொண்டார்கள். உருவம் இல்லாததன் மேல் வண்டி மோதினால் வழக்கு உண்டா என்று ஸ்டேஷனில் ஒரு நாள் பேசிக்கொண்டதோடு சரி. ஏன் இப்படி என்று யாரும் கேட்கவில்லை. அத்தனை வருடம் ஓடிய ஓட்டம் ஒரு நாளில் நின்றுவிட்டிருந்தால்தான் அவர்கள் ஏன் என்று கேட்டிருப்பார்கள்.

கிளம்பும்போதும் திரும்பும்போதும் அடிபம்படியில் அது தயங்கி நிற்பதை மட்டும் ஊர் கவனித்தது. கையில்லாததால் பம்பைத் தட்ட முடியாமல் தவிக்கிறது என்று சுடலைமுத்து தீர்மானமாகச் சொன்னார். அவர் எதையும் தீர்மானமாகத்தான் சொல்வார். அன்றிலிருந்து அதற்காக யாராவது ஒருவர் பம்பின் தலையைத் தட்டிவிடுவது என்று ஆயிற்று. தட்டினாலும் அது உடனே போகாது, இன்னும் கொஞ்சம் நிற்கும், அப்புறம்தான் போகும். விசுவாசம் என்றார்கள்.

பிறகு ஜனங்கள் அதன் பின்னால் ஓட ஆரம்பித்தார்கள். லீமா ஓடியபோது அவள் பின்னால் ஓட வெட்கப்பட்டவர்களுக்கு, யாரும் பார்க்க முடியாத ஒன்றின் பின்னால் ஓடுவதில் வெட்கம் வரவில்லை. சர்க்கரை வியாதிக்காரர்கள் ஓடினார்கள், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்கள், சுடலைமுத்துவே தொப்பையைக் கையால் தாங்கியபடி கடைத்தெரு முனை வரைக்கும் ஓடினார். போகிற வழியில் லீமாவின் ஜன்னல் பக்கம் குனிந்து, உன் ஓட்டம் இன்னைக்கு நல்லாப் போகுதும்மா என்று அன்போடு சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். லீமாவுக்கு வயிறு எரிந்தது. ஒருவர்கூட உன் கால் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லையே என்று நினைத்தாள், கேட்டிருந்தாலும் அவளுக்கு எரிந்துதான் இருக்கும். தெருவில் ஓடுவது லீமா என்றால் கட்டிலில் கிடப்பது யார் என்று அவளுக்கு விளங்கவில்லை. கூடத்து மூலையில் கிடந்த பழைய சாக்கு மாதிரி தன்னை நினைத்துக்கொண்டாள், சாப்பாட்டுத் தட்டை ஒரு நாள் சுவரில் எறிந்தாள், வெங்காயக் கோப்பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

தாஹிராவிடம் சொன்னபோது அவள் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இது எங்கள் படிப்பில் இல்லை என்றாள். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "ஓடாதீங்கன்னு உங்ககிட்டதானேக்கா சொன்னேன், அதுகிட்ட யாரு சொன்னா?" என்றாள். லீமாவுக்கு அது கேலியாகத்தான் பட்டது.

எலும்பு பாதி கூடியிருந்த சமயம் அது. ஒரு விடியலில் அவள் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, கட்டிலுக்கு அடியில் கிடந்த ஷூவை மாட்டிக்கொண்டு, கேட்டைப் பிடித்தபடி வாசலில் நின்றாள். ஓட்டம் அவளைத் தாண்டிப் போனபோது அவளுடைய சொந்த மூச்சின் சூடு அவள் கன்னத்தில் பட்டது. பின்னாலேயே பாய்ந்தாள். கோயில் தெரு முழுவதும் அவளும் அதுவும் தோளோடு தோள் ஓடினார்கள், அந்தக் கொஞ்ச தூரத்துக்கு அவள் சந்தோஷத்தில் சத்தம் போட்டுச் சிரித்தாள், எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பினாள். கடைத்தெருவில் சுடலைமுத்து வைத்திருந்த வாழைப்பழங்களுக்கு முன்னால் கால் மறுபடியும் விட்டது. விழுந்து கிடந்தவளை ஓட்டம் திரும்பிப் பார்க்கவில்லை. தப் தப் என்று அது தேய்ந்து போவதைத் தரையில் காதை வைத்தபடி அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுபடியும் ஐஸ் வேன், மறுபடியும் சாக்கு. இந்தத் தடவை எலும்பு கூட ஒரு வருடம்கூட ஆகலாம் என்றார்கள். சாயங்காலம் கிளாட்வின் அவள் காலுக்கு அடியில் தலையணையைச் சரிசெய்துகொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"நீ ஓடாட்டாலும் நீ யாருன்னு எனக்குத் தெரியும்ட்டி. உனக்குத் தெரியலயேன்னுதான் இருக்கு."

அவள் அழுதாள். கால் ஒடிந்த நாளில் அழாதவள், அன்றைக்கு அழுதாள், மறுநாளும் அழுதாள், பார்க்க வந்தவர்கள் முன்னாலும் வெட்கமில்லாமல் அழுதாள். எனக்குப் பயமாக இருக்கிறது, இனி ஓடவே முடியாதோ என்று பயமாக இருக்கிறது என்று முதல்முறையாக வாயைத் திறந்து சொன்னாள். சொன்ன பிறகு அந்தப் பயம் போய்விடவில்லை, ஆனாலும் இரண்டு பேர் சேர்ந்து தூக்குகிற பாளத்தைப் போலக் கொஞ்சம் லேசானது.

அழுது ஓய்ந்த பிறகுதான் அவளுக்குக் காது சரியாகக் கேட்டது. படுத்தபடி அவள் தன் ஓட்டத்தைக் கேட்டாள், பொறாமை இல்லாமல் கேட்டாள். இடது கால் ஒரு பொட்டுப் பிந்தி விழுந்தது. மூச்சு இரண்டடிக்கு வருவது போய் ஒவ்வோர் அடிக்கும் வந்தது. அதோடு அது இப்போது காலையில் மட்டும் ஓடவில்லை. மத்தியான வெயிலில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை என்று திரும்பத் திரும்பக் கிளம்பியது. ஊருக்கு அதில் பெருமை. உப்பில் பதிகிற இடது பாதம் இழுபடுவதை உப்பளத்துக்காரர்கள் பார்த்திருந்தார்கள், காற்று கலைத்திருக்கும் என்று விட்டுவிட்டார்கள். லீமாவுக்குத் தெரிந்துவிட்டது. அதற்கும் கால் ஒடிந்திருக்கிறது, அவள் மறைத்த மாதிரியே அதுவும் மறைக்கிறது, இப்படியே விட்டால் ஒரு நாள் உப்பள ரோட்டில் அடங்கிப்போய்விடும், அதற்கப்புறம் எலும்பு எவ்வளவு ஒட்டினாலும் அவளுக்குள் திரும்பி வர ஒன்றும் இருக்காது. எல்லாம் கற்றுக்கொடுத்தவள் நிற்பதற்கு மட்டும் கற்றுக்கொடுக்கவில்லை.

அது அடிபம்படியில் ஏன் தயங்குகிறது என்பதும் அப்போதுதான் உறைத்தது. கிளம்பும்போது நிற்பது வேண்டுமானால் பம்பைத் தட்டுவதற்காக இருக்கலாம், திரும்பி வந்து நிற்பது அதற்காக இல்லை. ஓடி முடித்து வந்து அது தண்ணீருக்காக நிற்கிறது. தானே அடித்துத் தானே குடிக்கக் கூடாது, குடிக்க நினைத்தாலும் கையில்லை, வேறு யாராவது அடித்துக் கொடுக்க வேண்டும். பின்னால் ஓடுகிறவர்களோ தங்களுக்கு முன்னால் வந்தது அதுதான் என்பதால் அதுதான் அடிக்க வேண்டும் என்கிற கணக்கில், பம்பைத் தட்டி மரியாதை செய்துவிட்டு வீட்டில் போய்க் குடித்துக்கொண்டார்கள். வாழைப்பழம் வைத்த ஊர், வழி விட்ட ஊர், ஒலிபெருக்கியில் அறிவித்த ஊர், ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. தண்ணீர் கிடைக்காததால் ஓட்டம் முடியவில்லை என்று நினைத்து அது மறுபடியும் மறுபடியும் கிளம்பியிருக்கிறது.

மறுநாள் லீமா ஆஸ்பத்திரியில் கொடுத்த கக்கத்துக் கட்டைகள் இரண்டையும் ஊன்றிக்கொண்டு அடிபம்படிக்குப் போனாள். பக்கத்து வீட்டு வாசலுக்குப் போகிற தூரம்தான், அவளுக்கு அது கலங்கரை விளக்கம் அளவுக்கு நீண்டது. பம்பையொட்டிக் கிடந்த கல்லில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். வாழ்க்கையில் முதல்முறையாக அவள் ஓடாமலே அங்கே முதலாவதாக வந்து சேர்ந்திருந்தாள். ஓட்டம் திரும்பி வருகிற சத்தம் கேட்டதும் பம்பை அடிக்கத் தொடங்கினாள். தண்ணீர் கொட்டியது, ஓட்டம் நின்றது, தயங்கியது, போய்விட்டது. அடுத்த நாளும் அடித்தாள். அதற்கடுத்த நாளும் அடித்தாள். அது கிட்ட வரும், அவள் கையின் வேகத்தைப் பார்க்கிற மாதிரி நிற்கும், போய்விடும். அவளுக்குப் புரிந்தது, அவளையும் யாராவது அப்படி நிற்கச் சொல்லியிருந்தால் அவளும் போயிருப்பாள். ஒன்றும் சொல்லாமல் அடித்துக்கொண்டே இருந்தாள். ஒரு காலையில் கொட்டிய தண்ணீர் தரையில் விழவில்லை. காற்றில் இரண்டு உள்ளங்கை அளவுக்குத் தேங்கி நின்று, மடக் மடக்கென்று குறைந்தது. மறுபடி தேங்கியது, மறுபடி குறைந்தது. அவள் தோள் கழன்றுவிடுகிற மாதிரி அடித்தாள், அது குடித்துக்கொண்டே இருந்தது, அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

"போதும். உக்காரு," என்றாள்.

கல்லில் அவள் பக்கத்தில் இருந்த தூசி அமுங்கியது. மூச்சு மெல்ல மெல்ல நிதானத்துக்கு வந்தது. அன்றைக்கு உப்போடையில் எந்த ஓட்டமும் ஓடவில்லை.

ஊருக்கு இதுதான் தாங்கவில்லை. ஓட்டம் தனியாக ஓடியபோது வராத கலவரம், அது உட்கார்ந்தபோது வந்தது. விடிந்ததே தெரியவில்லை என்றார்கள், நாய்கள் கடைத்தெருவில் குறுக்கும் நெடுக்கும் அலைகின்றன என்றார்கள், எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த வருட மாரத்தான் நெருங்கிவிட்டது என்றார்கள். சுடலைமுத்து தலைமையில் அவர்கள் ஏற்கெனவே உப்போடையின் ஓட்டம் என்று பேனர் அடித்து, ஓட்டத்தின் பெயரைப் போட்டியில் சேர்த்தும் விட்டிருந்தார்கள், பெண்கள் பிரிவில் சேர்ப்பதா தனிப் பிரிவு கேட்பதா என்பதில் மட்டும்தான் சண்டை இருந்தது. கூட்டமாக அடிபம்படிக்கு வந்து, ஒரே ஒரு நாள் அனுப்பிவை, ஜெயித்த பிறகு எவ்வளவு நாள் வேண்டுமானாலும் உட்காரட்டும் என்று கேட்டார்கள். பக்கத்தில் மூச்சு வேகமெடுப்பது லீமாவுக்குக் கேட்டது. அதற்கு ஆசை, புறப்பட்டுவிடும். போன வருடம் இதே கூட்டம் அவளிடம் கேட்டிருந்தால் அவளும் புறப்பட்டிருப்பாள், கேட்காமலேதான் புறப்பட்டாள்.

"இதுக்குக் காலு ஒடிஞ்சிருக்கு. எனக்கும் ஒடிஞ்சிருக்கு," என்றாள் லீமா. "இந்த வருசம் நாங்க ரெண்டு பேரும் ஓடல."

வாழ்நாளில் அவள் சொல்லாத வார்த்தை அது, சொன்னபோது நாக்கில் உப்புக் கரித்தது. சுடலைமுத்து வாயைத் திறந்தார். அவள் பம்பை அடித்து ஒரு செம்புத் தண்ணீரை அவர் கையில் கொடுத்து, அது எத்தனை மாதம் தண்ணீர் இல்லாமல் ஓடியது என்று மட்டும் சொன்னாள். அவர் செம்பைப் பார்த்தார், கல்லில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தார். அவருக்கு ஒரே வெட்கமாகிவிட்டது. பேனரை அவரே கழற்றி, வெயில் படாமல் அந்தக் கல்லுக்கு மேலே பந்தலாகக் கட்டிவிட்டுப் போனார். அந்த வருட மாரத்தானில் வெளியூர்ப் பெண் ஒருத்தி ஜெயித்தாள். லீமா பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து, வந்து சேர்ந்த ஒவ்வொருவருக்கும் தண்ணீர் அடித்துக் கொடுத்தாள், ஒவ்வொரு தடவையும் நெஞ்சு வலித்தது, வலிக்கிறது என்று பக்கத்தில் இருந்ததிடம் சொல்லிக்கொண்டே அடித்தாள்.

ஊர் அந்த உட்காருதலுக்கும் பழகிக்கொண்டது. தொழுகை முடித்து வருகிறவர்கள் கல்லைக் கடக்கும்போது மெதுவாகப் பேசினார்கள், மீன்காரப் பெண்கள் போகிற போக்கில் அதற்கும் ஒரு செம்பு அடித்து வைத்தார்கள், எழுப்பிவிட ஆள் இல்லாததால் ஜனங்கள் தாங்களாகவே எழுந்து தாங்களாகவே ஓடினார்கள், முதலில் வந்தவர் பின்னால் வருகிறவருக்கு அடித்துக் கொடுத்தார். பூட்ஸைக் கழற்றலாம் என்று தாஹிரா சொன்ன அன்று லீமா கல்லிலிருந்து எழுந்து கட்டையில்லாமல் நடந்தாள், பக்கத்தில் இன்னொரு நடையும் கேட்டது. கோயில் தெரு முனை வரைக்கும் இரண்டும் நடந்தன. அது முந்தப் பார்க்கும்போது இவள் நின்றாள், இவள் அவசரப்படும்போது அது நின்றது. கடைத்தெரு வரை போனார்கள், ஏலக்கூடம் வரை போனார்கள், நடந்து கொஞ்சம் ஓடினார்கள், ஓடிக் கொஞ்சம் நடந்தார்கள். ஆரம்பத்தில் இரண்டு ஜோடிக் கால்களின் சத்தம் தெருவில் முன்னும் பின்னுமாகக் கேட்கும், வாரங்கள் போகப் போக ஒன்றின் மேல் ஒன்று வந்து விழும். மழை விட்ட ஒரு காலையில் மீன்காரப் பெண் ஒருத்தி வழி விட்டுவிட்டுத் திரும்பி, ஒரு சத்தம்தானே கேட்குது, இன்னொண்ணு எங்கே என்று கேட்டாள். லீமா நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள். மூச்சு இரண்டடிக்கு உள்ளே போய் இரண்டடிக்கு வெளியே வந்துகொண்டிருந்தது.

அடுத்த மாரத்தானில் அவள் ஓடினாள். துறைமுகத்திலிருந்து கிளம்பியவர்களில் அவளை முந்திப் போனவர்களை அவள் போகவிட்டாள், வெயில் ஏற ஏற ஒவ்வொருவராகப் பின்னால் விட்டாள், உப்பள ரோட்டில் ஏறியபோது அவளுக்கு முன்னால் போன வருடம் ஜெயித்த பெண் மட்டும்தான் இருந்தாள். கடைசி வளைவு வந்தது. அங்கே ரோட்டோரத்தில் கிளாட்வினின் ஐஸ் வேன் பின்கதவு திறந்தபடி நின்றது, உள்ளே சாக்கு விரித்திருந்தது. அவன் யாரிடமும் சொல்லாமல் விடியலிலேயே கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். வேனைப் பார்த்ததும் இடது காலில் பழைய வலி வந்தது, எலும்பில் வந்ததா நினைப்பில் வந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் நின்றாள்.

உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் கையிலிருந்த வாருபலகையைக் கீழே போட்டுவிட்டார்கள். ரோட்டோரம் கூடியிருந்த ஊர் பதறியது. லீமா யாரையும் பார்க்கவில்லை. கொஞ்ச தூரம் நடந்தாள், காலை ஊன்றிப் பார்த்தாள், இன்னும் கொஞ்சம் நடந்தாள். வலிக்குதா என்று காலைக் கேட்டாள், உண்மையான பதிலுக்குக் காத்திருந்தாள். பயமாக இருக்கு, வலிக்கல என்று பதில் வந்தது. வேனைக் கடக்கும்போது அதன் கதவில், பம்பைத் தட்டுகிற மாதிரி, ஒரு தட்டுத் தட்டினாள். அப்புறம் ஓடினாள்.

அந்த ஓட்டத்தை உப்போடை இன்னும் சொல்லி முடிக்கவில்லை. ஏலக்கூடத்தில் அவள் முன்னால் போனவளின் முதுகைப் பிடித்தாள், கடைத்தெருவில் நாய்கள் புடைசூழத் தோளோடு தோள் வந்தாள், கோயில் தெருவில் தனியாக வந்தாள், அவளுக்குப் பின்னால் கைலிகளும் சேலைகளும் பள்ளிச் சீருடைகளுமாக, அவள் படுத்திருந்தபோது அவள் ஓட்டத்திடம் ஓடக் கற்றுக்கொண்ட ஊர் முழுவதும் தரை அதிர வந்தது. அடிபம்பின் தலையில் அவள் கை விழுந்தபோது ஐஸ் கம்பெனித் தகரக் கூரை அதிர்ந்ததாக அங்கே வேலை செய்கிறவர்கள் சத்தியம் செய்வார்கள்.

ஜெயித்தவள் உடனே கைப்பிடியைப் பிடித்தாள். இரண்டாவதாக வந்த பெண்ணுக்கு அடித்துக் கொடுத்தாள், அவள் குடித்து முடித்துக் கல்லில் சாய்ந்தாள். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிளாட்வின் வந்தான். வேன் அவனுக்குப் பின்னால், ஐஸ் உருகித் தெருவெல்லாம் தண்ணீர் வழிய நின்றது. அவன் ஒரு நாளும் ஓடியதில்லை, அந்தப் பம்பின் கைப்பிடியை ஒரு நாளும் தொட்டதில்லை. அவளைத் தள்ளி நிறுத்திவிட்டுக் கைப்பிடியைப் பிடித்து அடித்தான்.

"பாளம் பூராம் வீணாப் போச்சுட்டி," என்றான்.

"போவட்டும் அத்தான்," என்று சொல்லிவிட்டு, இரண்டு கைகளையும் குவித்து அவள் குடித்தாள். மேடையிலிருந்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், கோப்பை தயாராக இருந்தது, ஊர் அவளைத் தோளில் தூக்கக் காத்திருந்தது. அவள் கல்லில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்து வருகிறேன் என்றாள்.